64 பேருக்கு ஒரு அரசாங்கம்: டெக்சஸின் லவ்விங் கவுண்டி – கேள்வி பதில்

மேற்கு டெக்சஸில் நிலத்தடிக் கனிம உரிமை ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த வேலையில் பாதி கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகப் பதிவேடுகளுக்குள்தான் நடக்கும். அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாட்டிலேயே மிகக் குறைவான மக்கள் வாழும் லவ்விங் கவுண்டியை எடுத்துக்கொண்டேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, வரைபடத்தில் இதை எங்கே தேடுவது? நிலம் எப்படி இருக்கும்?

டெக்சஸின் மேற்குப் பகுதியில் நியூ மெக்சிகோ எல்லை நேர்க்கோடாகப் போகும். அந்தக் கோட்டுக்குத் தெற்கே, பேக்கோஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது லவ்விங். பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். கிழக்கே விங்க்லர், தெற்கே வார்ட், ஆற்றுக்கு அப்பால் ரீவ்ஸ் என்று மூன்று டெக்சஸ் கவுண்டிகள் சூழ்ந்திருக்கின்றன. சிவாவா பாலைவனத்தின் வடபகுதி என்பதால் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல ஆண்டு. கண்ணுக்கெட்டிய வரை சமவெளி, முட்புதர். அங்கே மெஸ்கீட் என்று சொல்லும் மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். பேக்கோஸ் ஆற்றுத் தண்ணீர் உப்பு. வடமேற்கே, ஆற்றின் குறுக்கே 1936இல் கட்டி முடித்த ரெட் பிளஃப் அணை இருக்கிறது. தேங்கும் நீரும் உப்புக் கரிக்கும்.

ஊர் என்று சொல்ல ஒன்றுதான் உண்டு: மென்டோன். அதுதான் தலைநகரம். 1935இல் கட்டிய நீதிமன்றக் கட்டடமும் 302ஆம் எண் மாநில நெடுஞ்சாலையும்தான் அதன் அடையாளங்கள். அதற்கு நகராட்சிகூடக் கிடையாது.

உண்மையிலேயே 64 பேர்தானா? யார் எண்ணினார்கள்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் எண் 64. முந்தைய எண்களையும் பாருங்கள்: 1890இல் 3 பேர், 1910இல் 249, 1940இல் 285, 1970இல் 164, 2000இல் 67, 2010இல் 82. 1940தான் உச்சம். அதன் பிறகு பெரும்பாலும் இறங்குமுகம்.

இந்த 64ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020இல் தனிநபர் விவரங்கள் கசிந்துவிடாமல் இருக்க, கணக்கெடுப்பு நிறுவனம் வெளியிட்ட எண்களில் தானே சிறு மாற்றங்களைக் கலந்தது. மாநில மொத்தத்தை மட்டும் அப்படியே விட்டது. கவுண்டி எண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பத்து லட்சம் பேர் இருக்கும் கவுண்டியில் இரண்டு மூன்று பேர் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். லவ்விங்கில் அது ஒரு குடும்பம்.

இன்னொன்று, கணக்கெடுப்பு ஒருவரை அவர் வழக்கமாகத் தங்கும் வீட்டில்தான் சேர்க்கும். எண்ணெய் வயலில் லாரி ஓட்டுபவர்கள், கிணறு தோண்டுபவர்கள், தற்காலிக முகாம்களில் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் பகலும் இரவும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுடைய வீடு வேறு ஊரில், பல நேரம் வேறு மாநிலத்தில். ஆகவே கணக்கில் 64 பேர் வாழும் கவுண்டியில் சாலையில் போக்குவரத்து நெரிசல். காகிதத்தில் மட்டும் படித்தவர்களுக்கு நேரில் பார்த்ததும் குழப்பம் வருவது இதனால்தான்.

2020 அதிபர் தேர்தலில் அங்கே 66 வாக்குகள் பதிவானதாகப் படித்தேன். 64 பேரில் குழந்தைகளும் இருப்பார்களே, சார்? கள்ள வாக்கா?

எண் சரி. டிரம்புக்கு 60, பைடனுக்கு 4, மிச்சம் இரண்டு மற்றவர்களுக்கு. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கள்ள வாக்கு என்று சொல்லிவிட முடியாது. கணக்கெடுப்புக்கு ஓர் அளவுகோல், வாக்காளர் பட்டியலுக்கு வேறோர் அளவுகோல். டெக்சஸ் தேர்தல் சட்டத்தின்படி, தற்காலிகமாக வெளியே போனாலும் திரும்பி வரும் எண்ணத்தோடு ஒருவர் வைத்திருக்கும் நிலையான வீடுதான் அவருடைய வசிப்பிடம். ‘எண்ணம்’ என்பதை எந்த அதிகாரி அளக்க முடியும்?

பண்ணை லவ்விங்கில் இருக்கும். பிள்ளைகளின் படிப்புக்காகவோ மருத்துவத்துக்காகவோ குடும்பம் வேறு ஊரில் இருக்கும். வாக்கு மட்டும் பண்ணை முகவரியில். இப்படிப்பட்டவர்கள் பலர். இவர்களில் யார் உண்மையான உள்ளூர்வாசி என்பதுதான் லவ்விங் அரசியலின் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுவே. தேர்தல் முடிவை மாற்றுவதற்காக ஓர் இடத்தை வசிப்பிடமாகக் காட்டக்கூடாது என்று 2021இல் மாநிலம் ஒரு சட்டத்தையும் இயற்றியது. சண்டை ஓயவில்லை. 2022 நவம்பரில் நடந்த உள்ளூர்ப் பதவித் தேர்தல்களில் தோற்றவர்கள் நீதிமன்றம் போனபோது, வாக்களித்தவர்களில் யார் எங்கே வசிக்கிறார்கள் என்றுதான் வாதாடினார்கள்.

இத்தனை சிறிய கவுண்டிக்கு எத்தனை அதிகாரிகள்? நம் மாவட்ட ஆட்சியர் போல ஒருவர் போதாதா?

நம் ஆட்சியரை அரசு நியமிக்கிறது. அங்கே மேலிருந்து யாரும் வருவதில்லை. எல்லாரும் தேர்தலில் ஜெயித்து வர வேண்டும். கவுண்டி ஜட்ஜ் என்பவர் பெயரில்தான் நீதிபதி, வேலையில் பெரும்பகுதி நிர்வாகம். அவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த குழுதான் வரி விகிதத்தையும் பட்ஜெட்டையும் முடிவு செய்யும். இதுபோக ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்), கவுண்டி கிளார்க் (ஆவணப் பதிவாளர்), பொருளாளர், அரசு வழக்கறிஞர், சிறு வழக்குகளுக்கான நீதிபதி என்று பட்டியல் நீளும். டெக்சஸில் 254 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர் இருந்த ஹியூஸ்டனின் ஹாரிஸ் கவுண்டிக்கும் லவ்விங்குக்கும் அரசியல் சட்டம் தரும் அடிப்படைச் சட்டகம் ஒன்றேதான்.

கமிஷனர் தொகுதிகளில் ஒரு சுவாரசியம் உண்டு. 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கமிஷனர் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு பிறந்ததே இதே எண்ணெய் வட்டாரத்தின் மிட்லண்ட் கவுண்டியில்தான். அங்கே ஒரு தொகுதியில் 67,906 பேர், இன்னொன்றில் 414 பேர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பை லவ்விங்கில் பொருத்தினால் தொகுதிக்குப் பதினாறு பேர். ஒரு கல்யாணம் நடந்து மருமகள் வந்தால் தொகுதியின் நிறமே மாறிவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது? ஏழைக் கவுண்டியாகத்தானே இருக்க வேண்டும்?

இது என் துறை, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

லவ்விங் நிற்பது பெர்மியன் என்ற பெரிய எண்ணெய்ப் படுகையின் டெலவேர் பகுதிமேல். 1920களிலேயே எண்ணெய் கண்டார்கள். ஆனால் உண்மையான பெருவெள்ளம் 2010களில், கிடைமட்டத் துளையிடலும் நீரழுத்தத்தால் பாறையை உடைக்கும் முறையும் வந்த பிறகு. வுல்ஃப்கேம்ப், போன் ஸ்பிரிங் என்ற பாறை அடுக்குகளுக்குள் பக்கவாட்டில் கிலோமீட்டர் கணக்கில் துளையிடுகிறார்கள். இன்று டெக்சஸில் அதிகமாக எண்ணெய் எடுக்கும் கவுண்டிகளில் லவ்விங்கும் ஒன்று.

டெக்சஸில் மேல்நிலமும் அடியில் இருக்கும் கனிமமும் தனித்தனிச் சொத்துகள். ஒருவர் நிலத்தை விற்றுவிட்டுக் கனிம உரிமையைத் தனக்கே வைத்துக்கொள்ளலாம். நான்கு தலைமுறைக்குப் பின் அது முப்பது பேரன் பேத்திகளிடம் சிதறிக் கிடக்கும். எனக்கு வேலை கிடைப்பது அதனால்தான். உற்பத்தி நடக்கும் கனிமச் சொத்துக்கு ஆண்டுதோறும் மதிப்புப் போட்டு, வீட்டுக்கு வரி விதிப்பதுபோலவே வரி விதிக்கிறார்கள். கவுண்டியின் வரிக்குரிய சொத்து மதிப்பு பல நூறு கோடி டாலர். கட்டுபவர்கள் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்களும், லவ்விங் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திராத பங்குதாரர்களும். அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. வாக்கு இருக்கும் சில டஜன் பேர் கட்டும் வரி சொற்பம். செலவிடும் அதிகாரம் அவர்களிடம்!

நிலத்தின் கதையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சஸ் அண்ட் பசிபிக் ரயில்வேக்குப் பாதை போட்டதற்குக் கூலியாக மாநிலம் ஒரு சதுர மைல் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்தது. ரயில்வே திவாலானபோது, கடன் கொடுத்தவர்களுக்காக 1888இல் ஓர் அறக்கட்டளை உருவாகி நிலத்தை ஏற்றது. அதன் வாரிசான டெக்சஸ் பசிபிக் லேண்ட் நிறுவனம் இன்றும் இந்தப் பகுதியின் மிகப் பெரிய நில உரிமையாளர்களில் ஒன்று.

அப்படியானால் சில டஜன் வாக்காளர்களைக் குடியேற்றிக் கவுண்டியையே கைப்பற்றிவிடலாமே, அண்ணா?

உங்களுக்கு முன்பே பலருக்குத் தோன்றிவிட்டது, தம்பி.

முதல் ஆட்டம் 1893இல். மூன்றாண்டுகளுக்கு முன் மூன்றே பேர் இருந்த இடத்திலிருந்து, தகுதியுள்ள வாக்காளர்கள் 150 பேர் கையெழுத்திட்டதாக ஒரு மனு போனது. பின்னால் இருந்தது கால்வாய்ப் பாசனக் கம்பெனி ஒன்று. கவுண்டி அமைந்தது, அதிகாரிகள் வந்தார்கள், மோசடி நாறியதும் ஓடிப்போனார்கள். 1897இல் சட்டமன்றம் கவுண்டியைக் கலைத்து ரீவ்ஸோடு ஒட்டிவிட்டது. எண்ணெய் வந்த பின் 1931இல் மறுபடி அமைத்தார்கள். டெக்சஸில் இருமுறை அமைக்கப்பட்ட கவுண்டி இது ஒன்றுதான்.

2000களின் நடுவில், அரசாங்கத் தலையீட்டை வெறுக்கும் சுதந்திரவாதிகள் சிலர் இங்கே நிலம் வாங்கிக் குடியேறிப் பதவிகளைப் பிடிக்கத் திட்டமிட்டார்கள். வாங்கியதாகச் சொன்ன நிலம் அவர்களுடையது அல்ல என்று ஷெரிஃப் கண்டுபிடித்தார். அதோடு கதை முடிந்தது. வெளியாள் ஒருவர் வந்தால் அன்றே தெரிந்துவிடும் இடத்தில் ரகசியத் திட்டம் தீட்டியதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

உள்ளூர்க்காரர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்களா?

சித்தப்பா பெரியப்பா மக்களிடையே இருக்கும் ஒற்றுமைதான். பதவிகள் சில குடும்பங்களுக்குள் சுற்றுகின்றன, போட்டியும் அதற்குள்தான். 2022 மே மாதம் பதவியிலிருந்த கவுண்டி ஜட்ஜே மாடு திருடியதாகக் கைதானார். வழிதவறி வந்த மாட்டைப் பிடித்தால் ஷெரிஃபிடம் தெரிவிக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். தெரிவிக்காமல் விற்றதாகக் குற்றச்சாட்டு. அவர் தரப்பு மறுத்தது, பதவியிலும் நீடித்தார்.

எந்தக் கட்சி? பெண்கள் பதவிக்கு வந்திருக்கிறார்களா?

இன்று அசைக்க முடியாத குடியரசுக் கட்சிக் கோட்டை. 2012 அதிபர் தேர்தலில் அக்கட்சியின் ராம்னிக்கு 54 வாக்கு, ஒபாமாவுக்கு 9. ஆனால் 1992இல் இரண்டு கட்சிகளையும் தள்ளிவிட்டுச் சுயேச்சை ராஸ் பெரோவை முதலிடத்தில் வைத்தது இந்தக் கவுண்டி. உள்ளூர்த் தேர்தலில் கட்சிக்குப் பெரிய மதிப்பில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் பேச்சு.

டெக்சஸில் தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரிஃப் இங்கிருந்துதான் வந்தார். எட்னா ரீட் கிளேட்டன் டிவீஸ் 1945இல் பொறுப்பேற்றார். துப்பாக்கி வைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் கவுண்டி கிளார்க்காக நீண்ட காலம் இருந்தார்.

பள்ளி, மருத்துவமனை?

இரண்டும் இல்லை. மாணவர்கள் குறைந்துபோனதால் 1970களின் தொடக்கத்திலேயே பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் பக்கத்துக் கவுண்டியின் விங்க் ஊருக்குப் போகிறார்கள். குடிதண்ணீரையே நெடுங்காலம் லாரியில் கொண்டுவந்தார்கள்.

64 பேருக்கு இவ்வளவு பணமும் பதவியும் நியாயமா? ரீவ்ஸோடு மறுபடி இணைத்துவிட வேண்டியதுதானே? நீங்கள் அங்கே வேலை பார்ப்பதால் பூசி மெழுகுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

பூசி மெழுகவில்லை. இணைத்தால் லவ்விங்கின் வரி வருமானம் இன்னும் பல ஆயிரம் பேருக்குப் பயன்படும், அது உண்மை. ஆனால் எண்ணெய் மீதான மாநிலத் தீர்வை 4.6 சதவீதம் நேரே மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. பணக்காரப் பள்ளி மாவட்டங்களின் (பள்ளிகளுக்கெனத் தனி வரி வசூலிக்கும் அமைப்புகள்) உபரி வரியையும் மாநிலம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எல்லாமே 64 பேரின் பையில் விழுவதில்லை. என்னை உறுத்துவது வேறு. அங்கே வெயிலில் வேலை செய்து, அந்தச் சாலைகளில் விபத்தில் சாகிறவர்களுக்கு அந்தக் கவுண்டியில் குரல் இல்லை. இணைத்தாலும் அவர்களுக்கு வாக்கு வந்துவிடாது, ரீவ்ஸிலும் அவர்கள் வெளியூர்க்காரர்கள்தான்.

டெக்சஸ் வரும்போது போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. பேக்கோஸ் நகரத்திலேயே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். மென்டோன் அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். ஷிஃப்ட் மாறும் அதிகாலையையும் மாலையையும் தவிர்த்து, பகல் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். எதிரே வரும் மணல் லாரிகள் உங்களுக்காக வேகத்தைக் குறைக்காது. பதிவேடுகளைப் பார்க்க ஆசை இருந்தால் வேலை நாளில் போங்கள், கிளார்க் அலுவலகம் எல்லாருக்கும் திறந்திருக்கும்.