கோட்டை இல்லாத ஊருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபம் பார்த்துவிட்டு, அங்கே பூங்காவில் கொஞ்ச நேரம் இருந்துவரலாம் என்று ஆசை. "கோட்டைகூட இல்லாத ஊரில் என்ன பார்ப்பது?" என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்கு 7, 10 வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி. போகலாமா?
- வாசகி, பெருந்துறை

பதில்: கட்டாயம் போய்ட்டு வாங்க அம்மிணி. கோட்டை ஏன் இல்லை என்பதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லணும். ஆங்கிலேயரின் கும்பினிப் படை பீரங்கி வைத்து அதைத் தரைமட்டமாக்கியது. அதைக் கட்டிய சின்னமலையைத் தம்பிகளோடு 1805 ஆடி 18-இல் சங்ககிரியில் தூக்கிலிட்டது. வருசாவருசம் ஆடிப்பெருக்கன்று ஓடாநிலையில் அரசு விழா. கூட்டம் நெரியும், அம்மாவோடு அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

சென்னிமலை வழியாகத்தானே போவீங்க? மலை கண்ணில் பட்டதும் கதையை ஆரம்பிச்சிடுங்க. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து வாங்கிக்கொண்ட தீர்த்தகிரி (அதுதான் சின்னமலையின் இயற்பெயர்), "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்" என்றாராம். மலையைப் பார்த்துக்கொண்டே கேட்ட கதை மறக்காது.

என் பேரன் அங்கே இறங்கியதும், "கோட்டை எந்த எடத்துல இருந்துச்சு அமுச்சி?" என்றுதான் கேட்டான். ஒரு வேப்பங்குச்சியை எடுத்து மண்ணில் மதில் வரைந்தான், வாசல் விட்டான், வாசலுக்கு நாலு கூழாங்கல்லைக் காவல் வைத்தான். தங்கச்சி மிதிக்க வந்தபோது அவன் போட்ட சத்தம் இருக்கே! ஆளுயர மதிலைக் காட்டியிருந்தால்கூட அவ்வளவு ஒட்டியிருக்காது.

அரிசிம்பருப்புச் சாதம் கட்டிக்குங்க, தண்ணியும் வீட்டிலிருந்தே. வெயில் தாழப் போனால் அம்மா நிழலில் காலை நீட்டி உட்காரலாம். மிச்சக் கதையை அவங்களே சொல்லட்டும்.

நேரமிருந்தால் பக்கத்து அறச்சலூர் மலைக் குகைக்குப் பிள்ளைகளை அப்பா கூட்டிப் போகட்டும். சுமார் 1,800 வருசத்துக்கு முந்தைய இசைக் கல்வெட்டு அங்கே இருக்கு. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி, "த தை தா தை த" என்கிற மாதிரி. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றே வரும். பத்து வயசுப் பிள்ளைக்கு அதைவிட என்ன விளையாட்டு வேணும்? எழுத்து தெரியலையேன்னு சாக்பீஸ், சுண்ணாம்பு எதையும் அதன்மேல் தேய்க்க மட்டும் யாரையும் விட்டுடாதீங்க.