மொட்டைமாடித் தோட்டத்தை அள்ளி எறிய சங்கத்துக்கு உரிமை உண்டா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்னைப் புறநகரில் 12 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்குச் சொந்த வீடு. பில்டர் சாவி கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அப்போதைய செயலாளர் வாய்வார்த்தையாகச் சம்மதித்ததால் மொட்டைமாடியில் 40 பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை, தூதுவளை, கற்பூரவல்லி வளர்த்தேன். அண்மையில் மேல்தளத்து வீட்டில் கூரை கசிவதாகப் புகார் வந்தது. புதிய நிர்வாகம் வாட்ஸ்அப் குழுவில், "இரண்டு நாளில் எடுத்துவிடுங்கள்" என்று எழுதியது. நான் வெளியூரில் இருந்தேன். திரும்பியபோது பைகள் கிழிந்து குப்பைத்தொட்டி அருகே கிடந்தன. மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. எனக்கும் கட்டட நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் (எல்லோருக்கும் பொதுவான பங்கு) இருக்கிறது. மாடித் தோட்டத்துக்கு அரசே மானியம் தருகிறது. போலீசுக்குப் போகலாமா? நஷ்டஈடு கிடைக்குமா? மீண்டும் தோட்டம் போட முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு வழக்குகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பைகளைப் பற்றியது, மற்றது மாடியைப் பற்றியது. பைகள் விஷயத்தில் நீங்கள் ஜெயிப்பீர்கள். மாடி விஷயத்தில் தோற்பீர்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தால் தோற்கிற வழக்கு ஜெயிக்கிற வழக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், பொதுப் பகுதிகள் எவை என்று பட்டியலிடும்போது மொட்டைமாடியையும் சேர்த்தே சொல்கிறது. பிரிக்கப்படாத பாகம் என்றால் மாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கயிறு கட்டி உங்களுக்கென்று ஒதுக்கியிருப்பதாகப் பொருள் இல்லை. மாடியின் ஒவ்வோர் அங்குலத்திலும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் உரிமை உண்டு. அங்கே நிற்கலாம், துணி உலர்த்தலாம், வடகம் காயவைக்கலாம். 40 பைகளை நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் வைத்திருப்பது வேறு. அதற்கு மற்றவர்களின் சம்மதம் வேண்டும். அரசு மானியமும் இங்கே உதவாது. தோட்டக்கலைத் துறை பையும் விதையும் தென்னைநார்க் கழிவும் தரும். அவற்றை வைக்க இடம் தராது. மானியத்தில் டிராக்டர் வாங்கியவருக்குப் பக்கத்து வயலை உழும் உரிமை வந்துவிடுமா?

அப்படியானால் பழைய செயலாளரின் சம்மதத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. பிறர் இடத்தைப் பயன்படுத்தும் உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி அது ஓர் அனுமதி. எழுத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 54ஆம் பிரிவு, நடத்தையிலிருந்தே அனுமதியை ஊகிக்க இடம் தருகிறது. நான்கு ஆண்டுகள் யாரும் ஆட்சேபிக்காததும், உங்கள் கத்தரிக்காயை அக்கம்பக்கத்தார் வாங்கிச் சமைத்ததும் அந்த நடத்தைதான். ஆனால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். நிலையான கட்டுமானம் எழுப்பிச் செலவு செய்திருந்தால் 60ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பை நிலையான கட்டுமானம் ஆகாது.

உங்களுக்குக் கைகொடுப்பது 63ஆம் பிரிவு. அனுமதியை ரத்து செய்தால், இடத்தைக் காலிசெய்யவும் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. ஊரில் இல்லாதவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் கெடு வைப்பதை எந்த நீதிபதியும் நியாயமான அவகாசம் என்று ஏற்பார் என்று நான் நினைக்கவில்லை. அவகாசம் முடிந்திருந்தாலும் எடுத்து ஓரமாக வைக்கலாமே தவிர, கிழித்து எறிய முடியாது. பை உங்கள் சொத்து.

போலீசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிறர் பொருளுக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவில் குற்றம். சேதம் 20,000 ரூபாய்க்குக் குறைவு என்றால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் இதை விசாரிக்க முடியாது. புகாரை வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். அந்த ரசீது போதும், பின்னால் பயன்படும். பிரிவின் கடுமை கூடும் என்று தொகையை ஏற்றி எழுதாதீர்கள். நாற்பது பைக்கு ஒரு லட்சம் கேட்டால் மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். பை, மண், உரம் வாங்கிய பில்களையும் காய்த்து நின்ற செடிகளின் பழைய படங்களையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை நீதிமன்றத்தில் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஆகவே இப்போதைக்குக் கைபேசியை மாற்றாதீர்கள். நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.

பூட்டு தனிப் பிரச்சினை. கூட்டுச் சொத்திலிருந்து ஒரு பங்குதாரரை அடியோடு வெளியே நிறுத்த இன்னொரு பங்குதாரருக்கு உரிமை இல்லை. சாவியின் நகல் கேட்டு இன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

இனி கசிவு. நிர்வாகத்துக்குத் தெரியாமல், அல்லது தெரிந்தும் வசதியாக மறந்து, ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. உங்களுடையது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடம். ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு பொருந்தும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், தெரிவித்த 30 நாள்களுக்குள் பில்டர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். உங்களுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறது. "எல்லாம் செடியால் வந்தது" என்று சங்கமே எழுதிக்கொடுத்துவிட்டால் பில்டர் கைகழுவிவிட்டுப் போய்விடுவார். இதைச் செயலாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பைகள் போன பிறகும் அடுத்த மழையில் கசிந்தால் உங்களுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

அதற்காக உங்கள் பைகள் குற்றமற்றவை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர் ஆய்வுக்கு வந்தபோது நானும் மாடி ஏறினேன். என் கட்சிக்காரர் "வேர் கீழே இறங்கவே இல்லை" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஆணையர் ஒரு தொட்டியைச் சற்றே நகர்த்தினார். வராமல் இழுத்துப் பிடித்தது. தட்டோட்டின் இணைப்பு வழியாக நூல்போல ஒரு வெள்ளை வேர் உள்ளே போயிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கைபேசியை எடுத்துப் படம் பிடித்ததோடு எங்கள் வழக்கு முடிந்தது.

ஆகவே, மீண்டும் தோட்டம் போட வேண்டுமானால் நீதிமன்றத்தைவிடச் சங்கத்தின் பொதுக்குழுதான் சரியான இடம். தீர்மானமாகவே நிறைவேற்றித் தரக் கேளுங்கள். எந்த மூலை, எத்தனை பை என்று எழுதிக்கொடுங்கள். பைகள் தரையில் படாமல் இரும்புத் தாங்கியில் நிற்கும், முருங்கையும் பப்பாளியும் கிடையாது, மழைநீர்க் குழாய் வாய் அடைபடாது, தட்டுகளில் தண்ணீர் தேங்காது என்று உறுதி சொல்லுங்கள். தட்டுத் தண்ணீர் சின்ன விஷயம் இல்லை. 1939ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே பிரிவுகள் உண்டு. எடையையும் கணக்கிட்டுக் காட்டுங்கள். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பையில் ஈர மண் நிரப்பினால் 35 கிலோவைத் தொடும். ஒரு சதுர மீட்டரில் நான்கு பை வைத்தாலே கணக்கு முடிந்துவிடும். தென்னைநார்க் கழிவு கலந்தால் எடை குறையும். ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கடிதத்தையும் இணைத்தால் மறுப்பது கடினம்.

பொதுக்குழு அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அவர்கள் நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பைகளுக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு மாடியின் ஒரு மூலைக்கு எழுத்துபூர்வமான அனுமதியை வாங்கிக்கொள்ள முடிந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். நட்டதைச் சாப்பிடுவதுதானே உங்கள் நோக்கம்?