கேளுங்கள், சொல்கிறோம்: சங்கப் பிரதிநிதியாகிவிட்டேன், இனி?

*போன மாதம் என் பிரிவில் என்னைச் சங்கப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வாரமே ஒரு தொழிலாளியை மேலாளர் ‘கொஞ்சம் பேசணும்’ என்று கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான் என்ன செய்திருக்க வேண்டும்?*

பாதி வேலை அறைக்கு வெளியே முடிந்திருக்க வேண்டும். முதலில் மேலாளரிடமே கேளுங்கள்: எதைப் பற்றிய பேச்சு, ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுக்குமா, இதில் சொல்வது கோப்பில் ஏறுமா? பதில் மழுப்பலாக வந்தால் நடவடிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, தொழிலாளியோடு தனியாகப் பேச நேரம் கேளுங்கள். 15 நிமிடமாவது வேண்டும். என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், நிர்வாகத்தின் கையில் என்ன ஆதாரம் இருக்கும் என்று விசாரியுங்கள். கடைசியில், ‘சொல்லத் தயங்குகிற விஷயம் ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்’ என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். பழைய எச்சரிக்கைக் கடிதம் ஒன்று இருப்பதே மேலாளர் அதை மேசைமேல் எடுத்துப் போடும்போதுதான் உங்களுக்குத் தெரியவந்தால், அதற்குமேல் நீங்கள் பேசுவது எதுவும் எடுபடாது.

தொழிலாளிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது கொஞ்சம்தான். உண்மையைச் சொல்லுங்கள்; கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்; தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள்; கோபம் வந்தால் வெளியே போய்விட்டு வரலாம். இதற்கு ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேனாவை மூடி வைத்தால் இடைவேளை கேட்கப்போகிறோம் என்று அர்த்தம். இடைவேளை கேட்பதைப் பலர் பலவீனமாக நினைக்கிறார்கள். ஆத்திரத்தில் வரவிருந்த ஒரு வார்த்தையை அது தடுத்துவிட்டாலே போதும்.

உள்ளே உங்கள் வாய்க்கு எவ்வளவு இடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1999-ம் ஆண்டு வேலைவாய்ப்பு உறவுகள் சட்டத்தின் கீழ் நடக்கும் ஒழுங்கு விசாரணையில் உடன் வருபவர் வழக்கை எடுத்துவைக்கலாம், தொகுத்துச் சொல்லலாம், தொழிலாளியோடு கலந்து பேசலாம். ஆனால் தொழிலாளியிடம் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதிலாகப் பதில் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1975-ல் உச்ச நீதிமன்றம் தந்த வெயின்கார்டன் தீர்ப்பின்படி, தண்டனையில் முடியலாம் என்று அஞ்சுவதற்கு நியாயமுள்ள விசாரிப்பில் பிரதிநிதி வேண்டும் என்று தொழிலாளியே கேட்டாக வேண்டும். அந்த உரிமையை நிர்வாகம் நினைவூட்டத் தேவையில்லை. அதனால் அங்கே உறுப்பினர்களுக்கு முதலில் கற்றுத்தருவது, ‘என் பிரதிநிதி வரட்டும்’ என்ற ஒற்றை வாக்கியம். சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தமும் நிலையாணையும் (உங்கள் நிறுவனத்தின் பணி விதிகள்) என்ன சொல்கின்றன என்பதைப் படித்து, அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்கும் செய்யக்கூடியவையும் உண்டு. கேள்வி தெளிவில்லாமல் இருந்தால், ‘எந்தத் தேதியைக் கேட்கிறீர்கள்?’ என்று விளக்கம் கேளுங்கள். ஒரே மூச்சில் மூன்று கேள்வி வந்தால் ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லுங்கள். முக்கியமான பேச்சை, பேசியவரின் சொற்களிலேயே நேரத்தோடு எழுதுங்கள். ‘மிரட்டினார்’ என்று எழுதினால் அது உங்கள் கருத்து. ‘நாளைக்கு வேலை இருக்காது என்றார், 11.20’ என்று எழுதினால் அது குறிப்பு. அன்றே உட்கார்ந்து முழுமையாக்கிவிடுங்கள். இரண்டு நாள் போனால் உங்கள் நினைவும் தொழிலாளியின் நினைவும் வேறு வேறு கதை சொல்லும். ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், ‘பெற்றுக்கொண்டதற்கு மட்டும், இதில் உள்ளதை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று எழுதி, தேதி போட்டு, நகல் வாங்குங்கள்.

*பேச்சை செல்போனில் ரகசியமாகப் பதிவு செய்யலாமா?*

வேண்டாம். சில இடங்களில் சட்டப்படியே குற்றம். மற்ற இடங்களிலும் அதுவே தனிக் குற்றச்சாட்டாகத் திரும்பிவரலாம். பதிவு தேவையென்றால் வெளிப்படையாகக் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*ஓவர்டைம் முறைப்பட்டியலில் என் சக தொழிலாளியைத் தாண்டி அடுத்தவருக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். நான்கு பக்கத்துக்குக் குறை மனு எழுதிக் கொடுத்தேன். ‘காலக்கெடு முடிந்துவிட்டது’ என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தவறினேன்?*

இரண்டு இடத்தில். முதலாவது, நாள் கணக்கு. கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது (சம்பவம் நடந்த நாளா, தெரியவந்த நாளா), விடுமுறை சேருமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சூப்பர்வைசர், ‘பார்க்கலாம், அடுத்த வாரம் பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்வார். அவர் நல்ல மனதோடு சொன்னாலும் கெடு நிற்காது. நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். நாட்காட்டியில் கெடு நாளைக் குறிக்காதீர்கள். அதற்கு மூன்று நாள் முன்பாகக் குறியுங்கள்.

இரண்டாவது, நான்கு பக்கம். மனு ஆறேழு வரி போதும்: யார், எந்தத் தேதி, எந்த ஷிப்ட், என்ன நடந்தது, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, என்ன பரிகாரம். வாதமும் சாட்சியும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டினால், எதற்கு மறுப்புத் தயாரிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்தது போலாகிவிடும். பிரிவு எண்ணோடு ‘உட்பட தொடர்புடைய பிற பிரிவுகளும்’ என்று சேருங்கள்; பின்னால் பொருத்தமான இன்னொரு பிரிவு கண்ணில் பட்டால் கதவு திறந்திருக்கும். பரிகாரத்தை, ‘இழந்த ஓவர்டைம் ஊதியம் உட்பட, மீறல் நடக்காதிருந்தால் இருந்திருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்’ என்று கேளுங்கள். ‘நியாயம் வேண்டும்’ என்று எழுதினால் வருத்தம் தெரிவித்து முடித்துவிடுவார்கள்.

*நாங்கள் சங்க நிர்வாகக் குழு. ஆண்டுதோறும் பிரதிநிதிகளுக்கு ஒருநாள் வகுப்பு நடத்துகிறோம். தலைவர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பிரச்சினை வந்ததும் எல்லோரும் பழையபடி அலுவலகத்துக்குப் போன் போடுகிறார்கள். ஏன்?*

பேச்சு கேட்பதும் பேசப் பழகுவதும் வேறு. ஒரே நாளை விட்டு, இரண்டு மூன்று வார இடைவெளியில் நான்கு அரைநாள் வையுங்கள். வகுப்பில் 12 முதல் 15 பேர்; அதற்குமேல் போனால் பின்வரிசை தூங்கும். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் தொழிலாளி, ஒருவர் பிரதிநிதி, ஒருவர் மேலாளர். 10 நிமிடம் நடிப்பு, 10 நிமிடம் அலசல், பிறகு வேடம் மாற்றம். முடிந்துபோன பழைய கோப்புகளில் பெயரையும் பிரிவையும் எடுத்துவிட்டுப் பயிற்சித் தாளாக்குங்கள். தொழிலாளி வேடத்துக்கு மட்டும் தனியாக ஒரு சீட்டு கொடுங்கள், அதில் அவர் மறைக்கும் ஒரு தகவல் இருக்கட்டும். அதைக் கேட்டு வாங்கினாரா என்பதில்தான் பிரதிநிதியின் திறமை தெரியும். மேலாளர் வேடம் போடுபவர் கற்பதுதான் அதிகம். எந்தக் கேள்வி தன்னைத் திணறவைக்கிறது என்பது அவருக்குத்தானே தெரிகிறது!

ஒவ்வொரு அரைநாளுக்கும் வீட்டுப்பாடம் வேண்டும். முதல் பாடம் வரைபடம்: தன் பிரிவு, ஷிப்டுகள், யார் யார் எங்கே நிற்கிறார்கள், யார் உறுப்பினர், யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். பெயர் தெரியாத கட்டங்கள் நிறைய இருந்தால், ஒரே பிரதிநிதியிடம் அளவுக்கு அதிகமான ஆட்களை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

வகுப்புக்குப் பிறகுதான் உண்மையான பயிற்சி. முதல் விசாரணையில் புதியவர் அனுபவசாலியோடு போய்க் குறிப்பு மட்டும் எடுக்கட்டும். இரண்டாவதில் பாதி பேசட்டும். மூன்றாவதை அவரே நடத்தட்டும், அனுபவசாலி பக்கத்தில் வாய்மூடி இருக்கட்டும் (இது அனுபவசாலிக்குத்தான் கடினமான பயிற்சி). அலுவலகத்துக்குப் போன் வந்தால், ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று வழக்கை வாங்கிக்கொள்ளாதீர்கள். ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஒப்பந்தத்தில் பார்த்தீர்களா?’ என்று கேட்டு வழிகாட்டுங்கள். வழக்கை வாங்கி வாங்கித்தான் நீங்களே அவர்களை அப்படிப் பழக்கிவிட்டீர்கள்.

*என்னிடம் வந்த தொழிலாளி தவறு செய்தவர்தான். அவருக்காக எப்படிப் பேசுவது?*

‘அவர் செய்யவில்லை’ என்று பொய் சொல்வது உங்கள் வேலை இல்லை. அமெரிக்கத் தொழில் தகராறு நடுவர் கேரல் டாகர்ட்டி 1960-களில் வகுத்த ஏழு கேள்விகள் இதற்குக் கைகொடுக்கும். விதி அவருக்கு முன்கூட்டித் தெரியுமா? அந்த விதி நியாயமானதா? தண்டிக்கும் முன் விசாரித்தார்களா? அந்த விசாரணை நடுநிலையாக நடந்ததா? போதிய ஆதாரம் உண்டா? இதே தவறுக்கு மற்றவர்களையும் இப்படித்தான் நடத்தினார்களா? தண்டனை, குற்றத்துக்கும் அவருடைய பணிக்காலப் பதிவுக்கும் பொருந்துகிறதா? தவறு உறுதியாகவே இருந்தாலும் கடைசி இரண்டு கேள்விகள் பலருடைய வேலையைக் காப்பாற்றும். இரண்டு உறுப்பினர்கள் ஒருவர்மேல் ஒருவர் புகார் கொடுத்தால் மட்டும் நீங்களே இருவருக்கும் பேசாதீர்கள். ஆளுக்கொரு பிரதிநிதி, குறிப்புகள் தனித்தனி.

*வேலை நேரத்தில் சங்க வேலை பார்ப்பதாக என்மேல் மெமோ வந்திருக்கிறது. பாதுகாப்பு உண்டா?*

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 135-வது உடன்படிக்கை (1971), சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் உட்பட்டு நடக்கும் பிரதிநிதியைப் பணிநீக்கம் உள்ளிட்ட பழிவாங்கலிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் 143-வது பரிந்துரை, பிரதிநிதிப் பணிக்குச் சம்பள இழப்பில்லாத நேரம் பற்றிச் சொல்கிறது. உங்கள் நாடு அந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன தருகிறது என்று சங்க வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதுவரை ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்: இடத்தை விட்டுக் கிளம்பிய நேரம், அனுமதித்த சூப்பர்வைசர் பெயர், எதற்காக, திரும்பிய நேரம். வழக்கு விவரம் அதில் வேண்டாம், அந்த நோட்டை நிர்வாகம் கேட்கக்கூடும். இந்த மெமோவுக்குப் பதிலையும் நீங்களே எழுதாதீர்கள். இன்னொரு பிரதிநிதியைக் கூப்பிடுங்கள். இப்போது நீங்கள்தான் தொழிலாளி.