போலீஸ் மீதே புகார்: கோர்ட் எதைப் பார்க்கும்?

கேள்வி: இன்ஸ்பெக்டர் அடித்ததாக எஸ்.பி.யிடம் புகார் கொடுத்தேன். ‘விசாரித்ததில் உண்மை இல்லை, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என ஒற்றை வரியில் பதில் வந்தது. ஹைகோர்ட் போகலாமா?

பதில்: போகலாம். அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின்படி ரிட் மனு (அரசுத் தரப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போடுங்கள். ஆனால், அடித்தாரா இல்லையா என்று நீதிபதி அங்கே தீர்ப்புச் சொல்லமாட்டார். முடிவெடுத்த விதத்தைத்தான் பார்ப்பார். உங்களை அழைத்து வாக்குமூலம் வாங்கினார்களா? அரசு மருத்துவமனை கொடுத்த காயச் சான்றைப் பார்த்தார்களா? அதே ஸ்டேஷன்காரரே விசாரித்தாரா? மனுவில் இவற்றைத் தேதியோடு எழுதுங்கள். ‘எனக்கு அநியாயம் நடந்தது’ என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, ‘இந்தச் சாட்சியை விசாரிக்கவே இல்லை’ என்ற ஒரு வரிக்கு வலு அதிகம். ஜெயித்தாலும், பெரும்பாலும் ‘முறைப்படி மறுபடி விசாரியுங்கள்’ என்ற உத்தரவுதான் கிடைக்கும். அதுவே பெரிய வெற்றி என்பேன்.

கேள்வி: எஃப்.ஐ.ஆர். போடவே மறுக்கிறார்கள். நேரே ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். புகாரில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்தப் படிகளை ஏறாமல் ஹைகோர்ட்டுக்கு ஓடிவராதீர்கள் என்பதுதான் 2007-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன சகீரி வாசு தீர்ப்பு. போலீஸ்காரரின் பணியின்போது நடந்ததாகப் புகார் என்றால், புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 175(4) பிரிவு, மேலதிகாரியின் அறிக்கையையும் கேட்கும்படி மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்கிறது. தாமதமாகும், தபால் ரசீது, மனு ரசீது எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சி.பி.ஐ. விசாரணை கேட்டால் கிடைக்குமா?

பதில்: அபூர்வம். சி.பி.ஐ. வரை போன சாத்தான்குளம் வழக்கைப் பாருங்கள். 2020-ல் அங்கே போலீஸ் பிடித்துச்சென்ற தந்தையும் மகனும் இறந்தபோது ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. ஸ்டேஷனுக்கு மாஜிஸ்திரேட்டை அனுப்பியது. ஸ்டேஷன் கேமராப் பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்தது அவர் அறிக்கையில்தான் வெளியே வந்தது. பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டுமென்று அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆகவே சம்பவம் நடந்த வாரமே, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மனித உரிமை ஆணையத்துக்குக் காலக்கெடு உண்டா?

பதில்: உண்டு, சம்பவத்திலிருந்து ஓராண்டு. கோர்ட்டில் வழக்கு நடக்கிறதே என்று காத்திருந்து இதைத் தவறவிடுகிறவர்கள் பலர்.