விமான நிலையத்தில் ஏற்கெனவே ரேடார் இருக்கும்போது பறவைகளுக்கென்று தனி ரேடார் எதற்கு?

மும்பை குர்லாவில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால், பருந்துகள் வட்டமிடுவதும் விமானங்கள் தரையிறங்கத் தாழ்வதும் ஒரே பார்வையில் தெரியும். எனவே இக்கேள்வி எனக்கும் எழுந்ததுண்டு.

வான்போக்குவரத்து ரேடார் விமானங்களைப் பின்தொடர்வதற்கானது. சிறிய, மெதுவாக நகரும் பொருள்களில் பட்டுத் திரும்பும் அலைகளை அது பெரும்பாலும் இரைச்சல், அதாவது தேவையற்ற சமிக்ஞை, என்று வடிகட்டிவிடும். பறவை ரேடார் தேடுவதோ அந்த இரைச்சலைத்தான். இதற்குப் பயன்படும் ரேடியோ அலைவரிசைகளில், சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள எக்ஸ்-பேண்ட் நுணுக்கமாகக் காட்டினாலும் மழைத்துளிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் (ஜூலை மாத மும்பையில் இது சிறிய குறையல்ல). சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள எஸ்-பேண்டுக்கு அத்தொல்லை குறைவு.

இருட்டில் கண்ணும் தொலைநோக்கியும் உதவாத நேரத்தில்தான் பறவை ரேடாரின் அருமை விளங்கும். 2024 மே 20 இரவு, மும்பை காட்கோபர் அருகே, தரையிறங்க வந்த விமானம் மோதி முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் இறந்தன. ஆயினும், இறங்கும் விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடப்பதால், கடைசி நேர எச்சரிக்கையால் விமானிக்குக் கிடைக்கும் அவகாசம் சொற்பமே. புறப்படும் விமானத்தையாவது சற்று நிறுத்திவைக்கலாம். என் கணிப்பில் பெரிய பயன், எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து கூட்டம் வருகிறது என்று மாதக்கணக்கில் சேரும் பதிவுகளே. பறவை விரட்டும் பணியாளர்களை எங்கே நிறுத்துவது, எந்தக் குப்பைமேட்டை முதலில் அகற்றுவது என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்யலாம். மீன் கழிவைத் தெருவோரம் கொட்டும் வரை பருந்து வந்துகொண்டுதான் இருக்கும். ரேடார் அதை எண்ணிச் சொல்லும், விரட்டாது.