டெங்குவுக்குப் பிறகு கை நடுக்கம்: மூளையைச் சந்தேகிக்கும் முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. கடலூர் மாவட்டத்தில் விவசாயம் பார்க்கிறார். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. நான்கு மாதங்களுக்கு முன் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தட்டணுக்கள் குறைந்தன, ஆனால் வலிப்பு வரவில்லை, நினைவும் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் கழித்து இரண்டு கைகளும் நடுங்க ஆரம்பித்தன. இப்போது நடையும் மெதுவாகிவிட்டது. சட்டைப் பட்டன் போடத் திணறுகிறார், முகத்தில் சிரிப்பே இல்லை. வயிற்று உப்புசத்துக்கும் வாந்திக்கும் அப்போது எழுதித் தந்த கேஸ் கேப்ஸ்யூலை இன்னும் தினமும் காலையில் போடுகிறார். இரவில் தலைச்சுற்றலுக்கு ஒரு மாத்திரை. ‘காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது’ என்கிறார்கள் உறவினர்கள். வைரஸால் பார்க்கின்சன் வருமா? பெரியப்பாவுக்கு ஏற்கெனவே பார்க்கின்சன் உண்டு. சாதாரணக் காய்ச்சல் வந்தாலே அவரால் எழுந்திருக்க முடிவதில்லை. அது ஏன்?

பதில்: கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தக் கேப்ஸ்யூல்தான் என் கண்ணில் முதலில் படுகிறது. அதன் அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். பான்டோபிரசோல் அல்லது ராபெபிரசோல் என்பதோடு லெவோசல்பிரைட் என்றும் போட்டிருக்கிறதா? தலைச்சுற்றல் மாத்திரையில் சின்னரிசின், ஃப்ளூனரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா? வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுத்தார்களா?

பான்டோபிரசோல், ராபெபிரசோல் தவிர மற்றவை எல்லாமே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்ளக் கூடியவை. உடலை இயக்கும் சமிக்ஞைகள் சீராகப் போக டோபமின் வேண்டும். அது தடைபட்டால் நடுக்கம், விறைப்பு, மெதுவான நடை, உணர்ச்சியற்ற முகம் என்று அச்சு அசலாகப் பார்க்கின்சன் மாதிரியே வரும். சில நாள் சாப்பிடத் தந்த மருந்தை மாதக்கணக்கில் தொடரும்போதுதான் பெரும்பாலும் இந்தச் சிக்கல், அதிலும் வயதானவர்களுக்கு அதிகம். நம் ஊரில் கேஸ் மாத்திரை என்றால் அதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே இருப்பார்கள். மருந்தால் வரும் நடுக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கும். பார்க்கின்சனோ பொதுவாக ஒரு கையில் ஆரம்பித்து மெல்லத்தான் மறுபக்கம் போகும். உங்கள் அப்பாவுக்கு இரண்டு கைகளிலும் ஒன்றாக வந்திருக்கிறது. இது ஒரு துப்பு, அவ்வளவுதான். இதை வைத்து முடிவுகட்ட முடியாது.

மருந்துதான் காரணம் என்றால் நல்ல செய்தி. டாக்டரிடம் காட்டி நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆறு மாதம் தாண்டியும் போகவில்லை என்றால், உள்ளே மறைந்திருந்த பார்க்கின்சனை மருந்து முன்கூட்டியே வெளியே கொண்டுவந்திருக்கலாம். ஒரு எச்சரிக்கை: சில மனநல மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். வீட்டில் யாராவது அவற்றைச் சாப்பிட்டால் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சரி, வைரஸுக்கு வருவோம். உறவினர்கள் சொல்வது அடிப்படையே இல்லாத பேச்சு அல்ல. ஜப்பானிய மூளைக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், நம் வேலூரில்தான். நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் வைரஸை மனிதனுக்குக் கொண்டுவருகிறது. தொற்றுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. அப்படிக் கடுமையானால், இந்த வைரஸ் குறிவைத்துத் தாக்கும் இடங்கள் தலாமஸ், பேசல் கேங்லியா, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. இவை மூளையின் ஆழத்தில் இருந்துகொண்டு அசைவுகளைச் சீர்படுத்தும் பகுதிகள். சப்ஸ்டான்ஷியா நைக்ராவில்தான் பார்க்கின்சனிலும் செல்கள் அழிகின்றன. அதனால் பிழைத்து எழுபவர்களில் சிலருக்கு முகம் முகமூடி போலாகி, எச்சில் வடிந்து, கை கால் முறுக்கிக்கொள்கிறது. சிலர் மாதக்கணக்கில் மெல்லத் தேறுகிறார்கள். சிலருக்குக் குறை தங்கிவிடுகிறது.

ஆனால் அந்த நோய் சத்தமில்லாமல் வராது. கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புதல் என்று வீட்டையே உலுக்கிவிட்டுத்தான் போகும். அசைவுக் கோளாறு அந்த நாட்களிலோ, தேறும்போதோ வெளிப்படும். அப்பா காய்ச்சல் நாட்களில் தெளிவாகப் பேசிக்கொண்டு இருந்தார் என்றால், வைரஸ் மூளையின் ஆழத்தில் புகுந்து செல்களை அழித்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு. வைரஸ் போன பிறகு, அதை விரட்டக் கிளம்பிய நம் எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் மூளையைத் தாக்கிவிடும். சின்னம்மை வந்து இறங்கிய குழந்தை சில நாள் கழித்துக் குடிகாரன் போல் தள்ளாடி நடப்பது இதனால்தான். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலில் தேறிய சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சில வாரம் கழித்துக் கை கால் தன்போக்கில் ஆடத் தொடங்கும். டெங்குவிலும் கோவிட்டிலும்கூட அரிதாக உடல் தூக்கித் தூக்கிப் போடுவதும் தள்ளாட்டமும் பதிவாகியிருக்கின்றன. இவை அநேகமாக நாட்கணக்கில், சில வாரங்களுக்குள் வேகமாக வருபவை. அப்பாவுக்கு நடப்பது போல மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போவது இவற்றின் போக்கு அல்ல.

பல ஆண்டு கழித்து வருவது பற்றியும் கேட்டிருப்பீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய ஒரு தூக்கநோயை வியன்னாவில் வான் எகோனமோ என்ற மருத்துவர் 1917-இல் விவரித்தார். பிழைத்தவர்களில் பலர் பிறகு பார்க்கின்சன் மாதிரியான நிலையில் உறைந்து போனார்கள். அதற்கு இன்ஃப்ளூயன்ஸாதான் காரணம் என்று பலர் சொன்னார்கள், இன்றுவரை நிரூபணமாகவில்லை. 2021-இல் வெளியான டென்மார்க் ஆய்வு, இன்ஃப்ளூயன்ஸா வந்தவர்களிடம் பத்தாண்டுக்கு மேல் கழித்துப் பார்க்கின்சன் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சொன்னது. தொடர்பு இருக்கிறது என்பதால் இது அதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. எப்படியிருந்தாலும் அது பத்தாண்டுக் கணக்கு. பார்க்கின்சனில் முதல் நடுக்கம் தெரியும்போதே டோபமினைச் சுரக்கும் செல்கள் பெருமளவு அழிந்திருக்கும். அந்த அழிவு பல ஆண்டுகளாக நடப்பது. நான்கு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலின் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

நரம்பியல் நிபுணரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும், காலி அட்டை உட்பட எல்லா மாத்திரைகளும் பையில் இருக்கட்டும். அப்பா நடப்பதையும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்குவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். போகப் போக எழுத்து சிறுத்தால் அதுவும் ஒரு தகவல். தைராய்டு பரிசோதனை அவசியம் கேளுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தைராய்டு வீங்கிச் சுரப்பு கூடினால், கையை நீட்டும்போது விரல்கள் மெலிதாக, வேகமாக நடுங்கும். அப்புறம், காய்ச்சல் அசதியில் அப்பா பாத்ரூமில் எங்காவது விழுந்தாரா? தலையில் சின்ன அடிதான் என்று விட்டிருப்பீர்கள். தட்டணு குறைந்த நேரத்தில் மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்து நடையை மந்தமாக்கும். அதை ஸ்கேனில் மட்டும்தான் பார்க்க முடியும். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று வைட்டமின் ஊசி போட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, கடும் தலைவலி, ஒரு பக்கம் பலவீனம், விழுங்க முடியாமை என்று ஏதாவது வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெரியப்பா விஷயம் வேறு. எந்தத் தொற்றும், அது வெறும் சிறுநீர்த் தொற்றாக இருந்தாலும்கூட, பார்க்கின்சன் உள்ளவரைச் சில நாள் படுக்கையில் தள்ளிவிடும். காய்ச்சலில் சாப்பாடு குறைகிறது, வாந்தி வருகிறது, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை ஒழுங்காக உள்ளே போவதில்லை. தொற்று குணமானதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுவார். அதுவரை அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கடும் விறைப்பும் அதிகக் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட்டும், குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் அவருக்கு ஆகாது. டாம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாததால், இதயத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் அதைத் தரலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பார்க்கின்சனுக்கு இன்றும் எழுதும் அமான்டடின், முதலில் இன்ஃப்ளூயன்ஸாவுக்கான மருந்து. ஃப்ளூ வராமல் இருக்க அதைச் சாப்பிட்ட ஒரு பார்க்கின்சன் நோயாளி, தன் நடுக்கமும் விறைப்பும் குறைவதைக் கவனித்துச் சொன்னார். 1969-இல் அது மருத்துவ இதழில் வந்தது.

பெரியப்பாவுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அந்த நோய் உள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என இரண்டு தவணை, இலவசமாகவே போடுகிறார்கள். பெரியப்பாவின் மாத்திரைப் பெயர்களையும் நேரத்தையும், ஆகாத மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் அதை வார்டு நர்ஸிடம் முதலில் கொடுத்துவிடுங்கள்.