டெபாசிட் இருக்கட்டும், ரூம்மேட்டின் பாஸ் எங்கே?

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் காமன் ரூம் (தனிக் குளியலறை இல்லாத அறை) எடுத்துத் தங்கியிருக்கிறேன். கையில் இருப்பது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி. ஓராண்டு ஒப்பந்தம், மாதம் 1,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு மாத டெபாசிட். வாடகை கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்கார அக்காவிடம் போனில் கேட்டுவிட்டு, நண்பர் சொன்ன ஒருவரை ரூம்மேட்டாகச் சேர்த்தேன். அவரிடம் 550 வெள்ளி டெபாசிட்டும் மாதம் 550 வாடகையும் வாங்கினேன். அப்போது அவருக்கு ஒரு வேலை முடிந்து அடுத்தது அமையாத நேரம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஏசி போடும் நேரம், கருவாட்டு வாசம், ஞாயிற்றுக்கிழமை வரும் நண்பர்கள் என்று தினமும் சண்டை. இப்போது, "அனுமதி இல்லாமல் ஆள் சேர்த்தாய், மாதக் கடைசியில் காலி பண்ணு, 600தான் திருப்பித் தருவேன்" என்கிறார் அக்கா. ரூம்மேட் தன் 550ஐ என்னிடம் கேட்கிறார். பியூபி பில்லில் (தண்ணீர், மின்சாரக் கட்டணத்தில்) அவர் பங்கையும் இன்னும் தரவில்லை. இந்த மாத வாடகையைக் கொடுக்காமல் டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாமா? வீவகவில் புகார் கொடுக்கலாமா? இருவர் மீதும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போக நினைக்கிறேன்.

பதில்: ஏசி, கருவாடு, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் எல்லாவற்றையும் தள்ளிவைக்கிறேன். மனசு நொந்திருக்கும், புரிகிறது. ஆனால் அதில் வழக்கு எதுவும் இல்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ரூம்மேட் வந்தபோது அவருக்கு ஒரு வேலை முடிந்து அடுத்தது அமையவில்லை. எனக்கு அந்த வரிதான் முக்கியம். அன்றைக்கு அவர் கையில் என்ன பாஸ் இருந்தது? இன்றைக்கு என்ன இருக்கிறது? நீங்கள் எங்குமே சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

வேலை போய் எஸ் பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் குறுகிய காலப் பயண அனுமதி கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கலாம், ஆனால் வீவக அறையில் வாடகைக்கு இருக்க முடியாது. வெளிநாட்டவர் என்றால் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ் வேண்டும், வீட்டுக்காரர் அவர் பெயரை வீவகவில் பதிந்திருக்கவும் வேண்டும். அந்த 30 நாளும் முடிந்து, புதுப் பாஸும் வராமல், அவர் உங்கள் அறையில் தங்கியிருந்தால் இது வாடகைத் தகராறே அல்ல. குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் கிரிமினல் விவகாரம்.

"நான் ஓனர் இல்லையே, நானும் வாடகைக்குத்தானே இருக்கிறேன்?" என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் வருபவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். சட்டம் பார்ப்பது வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் அல்ல, தங்க இடம் கொடுத்தது யார் என்பதையும்தான். அவரிடம் டெபாசிட் வாங்கியவர் நீங்கள். மாதாமாதம் 550 வந்தது உங்கள் கணக்குக்கு. வீட்டுக்கார அக்காவுக்கும் பொறுப்பு உண்டு, அதனால் உங்களுடையது குறைந்துவிடாது. மூன்று சோதனைகளை நீங்களே செய்திருக்க வேண்டும்: அசல் பாஸைக் கையில் வாங்கிப் பார்ப்பது, அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவது, பாஸ் இன்னும் செல்லுமா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலோ குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடமோ உறுதி செய்வது. வாட்ஸ்அப்பில் வந்த பாஸ் படம் கணக்கில் வராது. நண்பரின் சிபாரிசும் வராது. சோதிக்காமல் கவனக்குறைவாக இடம் கொடுத்தாலே 6,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தெரிந்தோ, எதையும் பொருட்படுத்தாமலோ இடம் கொடுத்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, கூடவே 6,000 வரை அபராதம். நீங்கள் தேடுவது மீதி 500 வெள்ளியை. பணயத்தில் இருப்பது உங்கள் எஸ் பாஸ்.

அதனால் இன்றே அவருடைய அசல் பாஸைப் பாருங்கள், இணையத்தில் சரிபாருங்கள், தேதியோடு குறித்து வையுங்கள். புது வேலை அமைந்து பாஸ் வந்துவிட்டதா? நல்லது, கீழே சொல்வதுபோல் முடித்துக்கொள்ளலாம். வந்தபோது பார்க்காத குறை அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் நிலைமை கைமீறவில்லை. இன்னும் பயண அனுமதியில் இருக்கிறாரா? சட்டப்படி தங்கக்கூடிய வேறு இடத்துக்கு அவர் உடனே மாற வேண்டும். அனுமதி காலாவதியாகிவிட்டதா? அப்படியென்றால் யாருக்கும் எதுவும் எழுதாமல், எந்த மன்றத்திலும் மனு போடாமல், நேராக ஒரு கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞரோடு சேர்ந்து அதிகாரிகளிடம் போவது வேறு, அதிகாரிகளை வேறு காரணத்துக்காகக் கூப்பிட்டுப் பேச்சுவாக்கில் மாட்டிக்கொள்வது வேறு. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பழைய மெசேஜ்களை அழிப்பது, ரூம்மேட்டிடம் "இப்படிச் சொல்லு" என்று சொல்லிக்கொடுப்பது. அது தனிக் குற்றமாகிவிடும்.

வீவகப் புகாருக்கு வருகிறேன். கோபத்தில் புகார் எழுதியவர்கள் சிக்கிக்கொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதிகாரி வந்து கேட்கும் முதல் கேள்வி, இந்த வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்பது. அதற்கு உண்மையான பதில் உங்கள் மீதும் விழுகிறது. வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் உள்வாடகைக்கு விடக் கூடாது. அக்கா போனில் "சரி, கூட்டிட்டு வாங்க" என்றதே உண்மையாக இருந்தாலும், நீங்கள் டெபாசிட் வாங்கி ஆள் வைப்பது அதனால் சட்டபூர்வமாகிவிடாது. அவர் ரூம்மேட்டோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுப் பதிந்திருக்க வேண்டும். இதில் அக்காவுக்கு உங்களைவிடப் பெரிய ஆபத்து இருக்கலாம், அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட்டவர்களிடமிருந்து வீட்டையே வீவக எடுத்துக்கொள்ள முடியும். அவருக்கும் அது தெரியும். 600 தருகிறேன் என்று அவராகவே இறங்கி வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அதற்காக, "முழுப் பணத்தையும் தராவிட்டால் வீவகவில் சொல்லிவிடுவேன்" என்று ஒரு மெசேஜ்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதோடு நிறுத்துங்கள். மிரட்டிப் பணம் கேட்டதாக அவர் அந்த மெசேஜோடு போலீசுக்குப் போனால், பாதிக்கப்பட்டவர் அவராகிவிடுவார். அறை வாடகைக் குழுக்களில் அவர் பெயரும் படமும் போட்டு எழுதுவதும் வேண்டாம், தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் உங்கள் மீதே பாயக்கூடும்.

வாடகையை நிறுத்தி டெபாசிட்டில் கழிப்பது: கூடாது. ஒப்பந்தம் அனுமதிக்காதவரை அது உங்கள் பக்கத்து மீறல், அக்காவுக்கு இதுவரை இல்லாத ஒரு தெளிவான காரணத்தை நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

நடுவர் மன்றத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம், 20,000 வெள்ளிக்குள்ளான தொகை என்பதால் உங்கள் வழக்கு அங்கே போகும், கட்டணமும் 10 வெள்ளிதான். சேதம் எதுவும் இல்லை, ஏசி சர்வீஸ் ரசீதுகள் இருக்கின்றன என்றால், டெபாசிட்டை மட்டும் தனியாகப் பார்க்கும்போது உங்கள் கோரிக்கை மோசமில்லை. ஆனால் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டினீர்களா? 13,200 வெள்ளி மொத்த வாடகைக்கு 0.4 விழுக்காடு, சுமார் 52 வெள்ளி, கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் அபராதம் நான்கு மடங்கு வரை போகும். இதையெல்லாம் சரிசெய்து போனாலும், அக்காவின் பதில் "இவர் ஆள் வைத்தார்" என்பதுதான். அதை மறுக்க நீங்கள் காட்டப்போகும் வாட்ஸ்அப் பக்கங்கள்தான் உங்கள் உள்வாடகையை நிரூபிக்கும். ரூம்மேட் தர வேண்டிய பியூபி பங்கும் அப்படியே. கூடாத ஏற்பாட்டில் வந்த பாக்கியை வசூலித்துத் தரும்படி மன்றத்தைக் கேட்க வேண்டியிருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

நேராகவே சொல்கிறேன்: ரூம்மேட்டின் பாஸ் செல்லும் என்று உறுதியானதும் 600ஐ வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். இந்த மாத வாடகையை முழுதாகக் கட்டுங்கள். அறையைச் சுத்தம் செய்து, அக்கா கூட இருக்கும்போது படம் எடுங்கள். ஒரு பக்கத் தாளில் தொகை, தேதி, சாவி ஒப்படைத்தது, இனி ஒருவருக்கொருவர் பணக் கோரிக்கை இல்லை என்பது மட்டும் இருக்கட்டும். புகார் கொடுக்கமாட்டேன் என்ற வாசகத்தை அதில் சேர்க்காதீர்கள், குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கியது போலாகிவிடும். பணம் பேநவ்வில் (உடனடி வங்கிப் பணமாற்றுச் சேவையில்) உங்கள் கணக்குக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். அப்புறம் ரூம்மேட்டின் 550ஐத் திருப்பிக் கொடுத்து அவரிடமும் எழுதி வாங்குங்கள். பில் பங்கைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருக்கும். அந்தச் சிறு தொகைக்காக அவர் நாளை உங்கள் மீதே மனு போடும்படி செய்யாதீர்கள். கையில் 50 வெள்ளிதான் மிஞ்சும், தெரியும்.

அடுத்த அறையிலும் இருவராகத் தங்குவதானால் ஓனர் இருவரோடும் ஒப்பந்தம் போட வேண்டும், அவரவர் பங்கை அவரவரே ஓனருக்கு நேராக அனுப்ப வேண்டும். பணம் கொடுக்கும் முன் வீவக அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். ஏஜெண்ட் வழியாகப் போனால் அவர் கையில் வாடகையோ டெபாசிட்டோ கொடுக்காதீர்கள், வீவக வாடகையில் அந்தப் பணத்தை அவர் தொடவே கூடாது. குடிபோனதும் வாடகைதாரராக இரண்டு பெயரும் பதிந்திருக்கின்றனவா என்று வீவக இணையத்தளத்தில் அவரவர் சிங்பாஸில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளத்தில்) நுழைந்து பாருங்கள்.